இழவு சொல்லத் தெரியாதவள்

எங்கள் பேஸ்மென்ற் குசினியில், சீலிங்கோடு ஒட்டிச் சூடான காற்று வருவதற்கு ஒரு கம்பி போட்ட ஓட்டை இருந்தது. பனிக்காலத்தில் அதற்குள்ளால் சூடு வந்தது. பன்னிரண்டு மாதமும் வீட்டுக்காரியின் குரல் வந்தது. ரொறன்ரோவில் மல்வேர்னுக்குக் கிட்ட, இரண்டு பஸ் மாறினால் என் வேலைக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த பழைய வீடு அது. தொண்ணூற்றிரண்டில் அங்கே குடிபோனோம்: நான், இவர், கைக்குழந்தை. மேலே வீட்டுக்காரி தனியாக இருந்தார். அயர்லாந்துக்காரி. அறுபதைத் தாண்டியவர், புருஷனைப் பறிகொடுத்தவர், பிள்ளைகள் இல்லை. அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருடைய ஒரே தம்பி, மாடும் காணியுமாக, மனைவியோடு இருந்தார். அவருக்கென்று இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

நாங்கள் அவரை அன்ரி என்று கூப்பிட்டோம். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது, தனக்குச் சொல்லாமல் தம்பிக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு பழகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சால் வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு, பதினொரு மணிக்குத் தம்பிக்கு ரெலிபோன் எடுப்பார். அயர்லாந்து தூரம் என்பதால் சத்தமாகப் பேசுவார். நான் அந்த நேரம் மத்தியானச் சமையலில் நிற்பேன். நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் வெங்காயம் உரித்தேன், அவர் பேசினார், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் அந்தக் கிராமத்தில் செத்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அவர்கள் முதலில் செத்தவர்களைத்தான் எடுப்பார்கள். சுகமா என்றுகூடக் கேட்பதில்லை. யார் போனது, எந்த நாள், எத்தனை பேர் வந்தார்கள், பெட்டியை யார் தூக்கினார்கள், வரவேண்டிய யார் வரவில்லை. தம்பி அங்கத்தையச் சாவுகளைச் சொல்ல, அன்ரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரொறன்ரோவில் இருக்கிற தங்கள் ஊர்க்காரரின் சாவுகளைச் சொல்வார். கல்யாணத்துக்கு இரண்டு வசனம், சாவுக்குக் கால் மணித்தியாலம். அதற்குப் பிறகுதான் மாடு, மழை எல்லாம். என்ன சனங்களப்பா இவர்கள் என்று நான் இவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்களுடைய ஆட்கள் செய்தி சொல்லும் முறை வேறு. கடிதம் சுகத்தில் தொடங்கும். முருங்கை காய்த்தது, மாமியின் மகள் சோதனை எழுதினது எல்லாம் வரும். கடைசிப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் சரித்து, முன்வீட்டு அண்ணை மோசம் போனதை எழுதியிருப்பார்கள். நெருங்கின சாவென்றால் அதுவும் எழுத மாட்டார்கள். முதலில் சுகமில்லை என்பார்கள். பிறகு கடுமை என்பார்கள். பிறகு நாலு பேர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, சாப்பிடாவிட்டால் சாப்பிட வைப்பார்கள். கேட்ட பிறகு சோறு இறங்காது என்று அவர்களுக்குத் தெரியும். தனியாக இருக்கிற ஒருவருக்கு இழவு சொல்லக் கூடாது. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த விஷயம்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தொண்ணூற்றொன்றில் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கொழும்பிலிருந்து செய்தி இவருக்கு வந்தது. இவர் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கும்வரை இதை எழுத வேண்டாம் என்று அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினார். அம்மாவின் கடிதங்கள் வழக்கம்போல வந்தன. அப்பா சுகம் என்று எழுதியிருந்தார். மகள் பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்த ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் தேநீர் போடப் போனேன். வேண்டாம், இரு என்றார்கள். நான் குழறி விழுந்தபோது பிடிக்க எட்டுப் பேரும் இருந்தார்கள். என்னை எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்று அதற்குப் பிறகு பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நன்றியோடுதான் சொன்னேன்.

தொண்ணூற்று நாலு இலையுதிர் காலத்தில், ஒரு திங்கட்கிழமை அன்ரிக்குக் கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேசன் நடந்தது. அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். செவ்வாய் காலை அவர் மருந்து மயக்கத்தில் நித்திரையாக இருந்தார். நான் மேலே அவருடைய குசினியில் சூப் வைத்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணியளவில் ரெலிபோன் அடித்தது.

தம்பியின் மனைவி. அவருடைய குரலை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். நான் யார் என்று கேட்டுவிட்டு, ஒரே மூச்சில் சொன்னார். இன்று காலை அவர் இறந்துவிட்டார், மாட்டுக்கொட்டிலில் விழுந்தவர், டொக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் வியாழன் பதினொரு மணிப் பூசைக்குப் பிறகு. அக்கா வருவதென்றால் வெள்ளிவரை வைத்திருப்போம். வருகிறாரா இல்லையா என்று இன்றைக்கே பதில் வேண்டும், ரேடியோவுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்களுடைய பகுதியில் மரண அறிவித்தலை ரேடியோவில் வாசிப்பார்கள், அதைக் கேட்டுத்தான் சனம் வரும். இது எனக்கு ஓட்டையால் ஏற்கெனவே தெரிந்த விஷயம். நான் ஓம், சொல்கிறேன் என்றேன்.

ரெலிபோனை வைத்துவிட்டு அறை வாசலில் நின்று அன்ரியைப் பார்த்தேன். ஒரு கண்ணில் கட்டு. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு சீவன் இல்லை. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி விட்டிருந்தார். அழக்கூடாது என்றும் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. இப்போது ரெலிபோன் திரும்ப அடித்தால் அன்ரி எழும்பிவிடுவார், தனியாகக் கேட்டுவிடுவார் என்று பயம் பிடித்தது. சுவரில் செருகியிருந்த வயரைக் கழற்றிவிட்டேன்.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து, கீழே வந்து அன்ரியின் சிநேகிதிக்கு எடுத்தேன். சேர்ந்து சேர்ச்சுக்குப் போகிறவர், அவரும் அயர்லாந்துக்காரி. அவர் ஒட்டாவாவில் மகள் வீட்டில், புதன் பின்னேரம்தான் வருவார் என்று வீட்டில் யாரோ சொன்னார்கள். வந்ததும் நேரே இங்கே வரச் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்று அவர்களுக்கும் சொல்லவில்லை.

இவர் பேக்கரியில் வேலை, மூன்று மணிக்கு வருவார். சப்பாத்தைக் கழற்ற விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இஞ்சேரும், தனிய இருக்கிற மனுசியிட்டச் சொல்லிப் போடாதையும்," என்றார். "சிநேகிதி வரட்டும்."

"அவை இண்டைக்குப் பதில் கேட்டவை."

"உந்தக் கண்ணோட அவ எப்பிடிப் பிளேன் ஏறுறது? போகேலாதெண்டால் பதில் என்னத்துக்கு?"

எனக்கு அது சரியாகப் பட்டது. உண்மையில், நான் கேட்க விரும்பியதையே அவர் சொன்னார். பழியை அவர் தலையில் போடுவதற்காக இதை எழுதவில்லை.

பின்னேரம் அன்ரி எழும்பிச் சூப் குடித்தார். குடித்து முடியும்வரை பார்த்திருந்து, எங்கள் முறைப்படி முதல் படியைச் சொன்னேன். அயர்லாந்திலிருந்து எடுத்தவர்கள், தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். என்ன சுகமில்லை என்றார். காய்ச்சல் போல என்றேன். உடனே எழும்பிப் போய் ரெலிபோனைத் தூக்கினார். சத்தமில்லை. லைன் பழுது என்றேன். உன்னுடையதில் எடுக்கிறேன் என்றார். தெரு முழுக்கப் பழுது என்றேன். என் வாயில் இருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் சிரித்தார். தம்பி காய்ச்சலுக்குப் படுக்கிற ஆள் இல்லை, மனைவிதான் எல்லாவற்றையும் பெரிதாக்குவாள் என்றார். அந்த மனைவியோடு அவருக்கு அவ்வளவு ஒட்டில்லை என்பது எனக்குத் தெரியும். தம்பி கல்யாணம் செய்த வருடம் அன்ரி ஊருக்குப் போகவில்லை, அந்தக் குறை இரண்டு பக்கத்திலும் இருந்தது. பிறகு அன்ரி தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அடுத்த கோடை அவர் ரொறன்ரோவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாட்டை யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை, எந்த அறையில் படுக்க விடுவது. நல்ல சந்தோஷமாகச் சொன்னார். நான் எதிரே இருந்து தலையாட்டினேன். அப்போதும் நல்ல காரியம் செய்கிறேன் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளி வாசலில் காசு போட்டுப் பேசுகிற நாலு பேபோன்கள் வரிசையாக இருந்தன. அன்ரியின் கட்டுப் போட்ட கண்ணை அந்தப் பக்கமாக விட்டு, நான் இந்தப் பக்கமாகப் பேசிக்கொண்டே அவரை ரக்சிவரை நடத்திக் கூட்டிவந்தேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பின்னேரம் ஆறு மணிக்குச் சிநேகிதி வந்தார். நான் கதவடியில் மறித்து, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் தண்ணீர் கொடுத்து இருத்திவிட்டு, மெதுவாக, இரண்டு பேரும் இரண்டு பக்கத்தில் இருந்து சொல்லலாம் என்றேன். அவர் எப்போது செய்தி வந்தது என்று கேட்டார். நேற்று என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். கோட்டைக் கழற்றாமல் உள்ளே போய், அன்ரியின் முன்னால் நின்று, உன் தம்பி செத்துப்போனான், நேற்றுக் காலை என்றார்.

நான் பிடிப்பதற்கு ஓடினேன். அன்ரி விழவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, அடக்கம் எப்போது என்று கேட்டார். சிநேகிதி என்னைப் பார்த்தார். நாளைக்குப் பதினொரு மணி என்றேன். வேறென்ன சொன்னார்கள் என்று அன்ரி கேட்டார். வெள்ளிவரை வைத்திருப்பதாகச் சொன்னதை, பதில் கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். வயரைக் கழற்றியதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் அது எப்படிப்பட்ட வேலை என்று என் காதுக்கே கேட்டது.

சிநேகிதி குனிந்து வயரைச் செருகினார். அன்ரி நம்பரை அமத்தினார். அங்கே நடுச்சாமம், ஆனால் செத்தவீட்டில் விழித்திருப்பார்கள்தானே. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அன்ரி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லை, நான் வீட்டில்தான் இருந்தேன்," என்றார். "முழு நேரமும் வீட்டில்தான் இருந்தேன்." அதையே மூன்று நாலு தரம் சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

ரேடியோவில் வாசித்தாயிற்று, குழி வெட்டியாயிற்று, சனம் தூர இடங்களிலிருந்து புறப்பட்டுவிட்டது. இனி மாற்ற முடியாது. அன்றிரவு பிளேன் ஏறினாலும் டப்ளினில் இறங்கி றெயில் பிடித்துப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று சிநேகிதி கணக்குப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஏறியிருந்தால் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்கலாம். கண் ஒன்றும் தடையில்லை, இதே கட்டோடு போயிருப்பேன் என்றார் அன்ரி. பிறகு என்னைக் கீழே போகச் சொன்னார்.

வியாழன் காலை ஆறு மணி, அங்கே பதினொன்று. இவர் வேலைக்குப் போய்விட்டார், மகள் படுத்திருந்தாள். ஓட்டைக்குள்ளால் இரண்டு பெண்கள் செபம் சொல்லும் சத்தம் வந்தது. ஒருவர் சொல்ல மற்றவர் முடித்தார். பூசை முடியும் நேரம்வரை சொன்னார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்காமல் கீழே நின்றேன். மேலே போய்ப் பக்கத்தில் நிற்க ஆசையாக இருந்தது, ஆனால் எந்த முகத்தோடு போவது?

சனிக்கிழமைதான் போனேன். வீட்டை விட்டு எழும்பச் சொன்னாலும் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அன்ரி மேசையில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன், கேட்டதோடு நிற்காமல் நியாயமும் சொல்லத் தொடங்கினேன். அதுதான் என் குணம். எங்கள் சனத்தின் முறை இதுதான், தனியாக இருக்கும் ஒருவருக்குச் சொல்ல மாட்டோம், எனக்கும் இப்படித்தான் செய்தார்கள், நாலு மாதம் அப்பாவின் சாவை மறைத்தார்கள், நான் அவர்களுக்கு நன்றியாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாலு மாதமும் ஊரிலிருந்து உனக்கு யார் எழுதினது என்று கேட்டார். அம்மா என்றேன். என்ன எழுதினார்? அப்பா சுகம் என்று எழுதினார் என்றேன்.

அவர் மேசையைத் துடைப்பது போலக் கையால் தடவினார். "நான் அடக்கத்துக்குப் போகாதது ஒரு பக்கம்," என்றார். "அவன் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஆனால் அவள் இரண்டு நாள் ரெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாவுச் செய்தி கேட்கிற ஆளுக்கு மட்டும் என்று நீ நினைத்துவிட்டாய். சொல்கிற ஆளுக்கும் ஒரு பதில் வேண்டும்."

மேசையிலிருந்து கையை எடுத்து, என் பக்கம் திரும்பினார்.

"உன் அம்மாவுக்கு யார் பதில் எழுதினார்கள்?" என்றார்.

அதன் பிறகு ரெலிபோனை எடுத்து நம்பரை அமத்தி என் கையில் தந்தார். அவளுக்கு நீயே சொல் என்றார். நான் சொன்னேன். வயரைக் கழற்றியது நான், உங்கள் மச்சாளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அந்தப் பெண், தான் பதினேழு தரம் எடுத்ததாகச் சொன்னார். திட்டவில்லை. பதினேழு தரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்ரியிடம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை.

அவர்களுக்கும் இறந்து ஒரு மாதத்தில் ஒரு பூசை இருக்கிறது, எங்கள் அந்தியேட்டி வருகிற அதே கணக்கு. அன்ரி அதற்குப் போய் மூன்று கிழமை மச்சாளோடு நின்றுவிட்டு வந்தார். எங்களை எழும்பச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் நிற்கவில்லை. இப்போது மச்சாளோடு பேசினார். செத்தவர்களில்தான் தொடங்கினார்கள்.

நான் அந்தச் சனிக்கிழமை கீழே வந்து இவரோடு சண்டை பிடித்தேன். மூன்று வருடம் பிந்திய சண்டை. "உமக்காகத்தானே செய்தது," என்றார். எனக்காகத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு என்னைத் தெரியும், ஊரில் இருந்த அம்மா அவர் கண்ணில் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை. எட்டுப் பேர் வந்து சொன்ன பிறகு நான் அம்மாவுக்கு எழுதின கடிதத்தில் என்னுடைய அழுகைதான் இருந்தது. அப்பா எப்படி இறந்தார் என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தேன்.

அன்று பின்னேரமே அம்மாவுக்கு எழுத மேசையில் இருந்தேன். சுகம் விசாரிக்காமல் தொடங்கினேன். அப்பா போன அன்றைக்கு என்ன நடந்தது, யார் வந்தது, அப்பா சுகம் என்று எனக்கு எழுதின நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கோ அம்மா என்று எழுதினேன்.

யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்வர அப்போது இரண்டு மாதம். பதில் தடிப்பாக வந்தது, கொப்பித் தாளில் எட்டுப் பக்கம். அப்பா விடிய நாலு மணிக்குத் தண்ணீர் கேட்டது, கொண்டுவர முன்னம் கண் மேலே போனது, ஷெல் அடியால் உறவுக்காரர் பாதிப்பேர் வர முடியாமல் போனது, எல்லாம் இருந்தது. ஓரத்தில் சரித்து எழுதப்பட்டது ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்.

"உனக்கு அப்பா சுகம் எண்டு எழுதேக்க, எனக்கும் அவர் எங்கையோ வெளியில போயிருக்கிற மாதிரித்தான் இருந்தது பிள்ளை. எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் ஆருக்கோ செய்த மாதிரிச் செய்து முடிச்சன். உனக்குச் சொல்லியாச்சு எண்டு உன்ரை மனுசன் அறிவிச்ச அண்டைக்குத்தான் எனக்கு அவர் செத்தவர். அப்ப வந்த சனமெல்லாம் போயிட்டுது. அண்டைக்கு வீட்டில நான் தனிய."